பாப்பாவுக்கு என்ன வயசு

கடைக்காரர் தயாளன் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, பெரிய வயலின்போல் தரையில் நின்ற செல்லோவின் வயிற்றில் படிந்திருந்த தூசியை வட்டமாகத் தேய்த்தபோது சுகந்திக்குக் குமட்டியது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்தது. அந்தப் பளபளப்பு எச்சில் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பூந்தமல்லி சாலையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஊராருடைய மலத்தையும் சளியையும் சிறுநீரையும் கண்ணாடித் தகட்டில் தடவி உருப்பெருக்கியில் பார்க்கிறவள் அவள். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவள். பேரு சுகந்தி, வேலை இது என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்து செய்து அலுத்து ஓய்ந்துவிட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வாத்தியக் கடையில், ஊதுவத்தி மணக்க, குளிர்சாதனம் ஓட, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. எச்சில் ஒரு சாக்கு என்பதும் அவளுக்குத் தெரிந்தது. புரட்டல் ஐந்து நிமிஷம் முன்பே, மாடிப்படி ஏறி உள்ளே வந்து, தயாளன் "யாருக்கு சார்?" என்று கேட்டபோதே ஆரம்பித்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் கருணாகரன், இருபத்தைந்து வருஷமாக அவளுக்குக் கணவனாக இருக்கிற மனிதர், கண்ணை ஒரு தடவை சிமிட்டக்கூட இல்லாமல், "பொண்ணுக்கு" என்றார்.

பொண்ணுக்கு. எவ்வளவு சுலபமாக வந்தது. காரிலேயே அதற்கு அஸ்திவாரம் போட்டிருந்தார் என்று இப்போது புரிந்தது. கோயம்பேடு தாண்டும்போது, சிக்னலில் வண்டி நின்றிருக்கையில், கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டே சொன்னார், "யாழினி லீவுல வரும்போது கத்துக்கட்டுமே. அதுவரைக்கும் ஹால்ல நிக்கட்டும், பார்க்க நல்லா இருக்கும்." அப்போ என் செல்லோ கிளாஸ் என்று கேட்டாள். "எட்டு மாசம் ஆசைக்குப் போயாச்சுல்ல. வேணாங்கல. இந்த வயசுல முதுகுவலி வேற ஒனக்கு." வேணாங்கல. அந்த வார்த்தையை அவர் எப்போது சொன்னாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். யாழினி கோயம்புத்தூரில் பல் மருத்துவம் படிக்கிறாள். பெயர் மட்டும்தான் யாழினி. எண் கணிதம் பார்த்து வைத்த பெயர். பாட்டும் வராது, வாத்தியமும் வராது, பாத்ரூமில்கூட முணுமுணுக்க மாட்டாள். அந்தப் பெண்ணின் பெயரில் இவளுடைய செல்லோ வீட்டுக்கு வரும். வந்து சோபாவுக்கும் பூச்சாடிக்கும் நடுவில் நிற்கும். வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அதோடு தீர்ந்தது. கருணாகரன் கொடுமைக்காரர் இல்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேணும் என்று கேட்டு, அவள் சொன்னதும் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் "வாங்கிடலாம், நானே வந்து பார்த்து வாங்கித் தரேன்" என்றவர். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள். அந்த நல்லதனத்தின் வாடைதான் இப்போது ஊதுவத்தியையும் மீறி அடித்தது.

அவர் தட்ட ஆரம்பித்தார். போரூரில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கிற மனிதர், எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். டைல்ஸைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார், பெண் பார்க்க வந்தபோது அவள் வீட்டுத் தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார் என்று அவளுடைய அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். மோதிர விரலை மடக்கி, நவரத்தினக் கல் மரத்தில் படும்படி, முதல் செல்லோவின் மார்பில் டொக் டொக் என்று தட்டினார். அந்தச் சத்தம் சுகந்தியின் விலா எலும்பில் கேட்டது. "இது நல்லா கிண்ணுனு இருக்கு. கலரும் பாரு, செர்ரி மாதிரி. நம்ம ஹால் தரைக்கு மேட்ச் ஆகும்" என்றார். "சூப்பர் சாய்ஸ் சார்" என்றார் தயாளன். மூன்று செல்லோக்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. செர்ரி நிறத்தில் ஒன்று, ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒன்று, அழுக்குப் பழுப்பில் ஒன்று. பழுப்பைத் தட்டிவிட்டு "பொத்துனு இருக்கே" என்று முகத்தைச் சுளித்தார். பொத்து என்றால் வெடிப்பு விட்ட டைல். அவருடைய கடையில் பொத்து என்று சொல்லிவிட்டால் அது திரும்பி லாரியில் ஏறும். ரெனிட்டா மிஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். இருபத்தாறு வயது, மார்த்தாண்டத்துக்காரி, பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் சர்ச் ஹாலில் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கிறவள். அவள் இவளை ஆன்ட்டி என்பாள், இவள் அவளை மிஸ் என்பாள். "ஆன்ட்டி, வில்லை வச்சு ஒவ்வொரு சுரமா மெதுவா இழுத்துப் பாருங்க. எல்லா செல்லோவிலயும் எங்கயாவது ஒரு சுரம் ஓநாய் மாதிரி உறுமும். உறுமாத செல்லோ இல்ல. எங்க உறுமுதுன்னு தெரிஞ்சிக்கிட்டு, அதோட வாழ முடியுமான்னு பாத்துட்டு வாங்குங்க." வாழ முடியுமா என்று அந்தச் சின்னப் பெண் ஏதோ கல்யாணப் பேச்சு போலச் சொன்னது சிரிப்பாக இருந்தது அன்றைக்கு. இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்துப் பார்க்க உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பொண்ணுக்கு என்று சொன்னது பொய்யாகிவிடும். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எடுத்துக் காரில் வைத்துவிட வேண்டும் என்று கருணாகரன் நேற்றே சொல்லிவிட்டார். புடவை கட்டிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான், நல்ல நாளும் அதுவுமா சுடிதார் என்ன என்று. மாம்பழ நிறப் பட்டுப்புடவை, கஞ்சி போட்டது போல் விறைத்து நின்றது. கிளாஸுக்கு அவள் எப்போதும் சுடிதாரில்தான் போவாள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வாத்தியத்தை நிறுத்த வேண்டும், காலை அகட்டாமல் செல்லோ இல்லை. முதல் நாள் ரெனிட்டா மிஸ் "இன்னும் கொஞ்சம், ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்" என்று முழங்காலைக் காட்டிச் சொல்ல, அவளுடைய தொடைகள் இரண்டும் ஒட்டவைத்தது போல் நகர மறுத்தன. நாற்பத்தாறு வயதுத் தொடைகள். பன்னிரண்டு வயதில் ஒரு மத்தியானம் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபோது அத்தை குனிந்து காதுக்குள் சொன்னாள், "காலைச் சேத்து உக்காருடி. கருமம்." சேர்த்தவள்தான். பஸ்ஸில், வகுப்பில், மணவறையில், பிரசவ வார்டில் சேர்க்காதே சேர்க்காதே என்று நர்ஸ் தொடையில் அடித்துக் கத்துகிற வரைக்கும் சேர்த்தே வைத்திருந்தாள். அதற்கு அப்புறம் சர்ச் ஹாலில்தான். முதல் தடவையாகத் தடித்த தந்தியில் வில் ஓடியபோது சத்தம் காதுக்கு வரவில்லை, முழங்கால் எலும்பு வழியாக அடிவயிற்றுக்கு வந்தது. ரத்தத்தைப் பிரிக்கிற இயந்திரத்தின் மேல் கை வைத்தால் அதிர்வதுபோல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது. வயிற்றில் ஒன்று அதிர்ந்தது என்று புருஷனிடம் சொன்னால் கேஸ் மாத்திரை எடுத்துத் தருவார்.

தயாளன் டீ வரவழைத்திருந்தார். கண்ணாடித் தம்ளரில் மேலே ஏடு படிந்து சுருங்கிக் கிடந்தது. "குடிங்க மேடம், ஆறிடும்." ஏடு அவள் பார்க்கப் பார்க்க மெல்ல நகர்ந்து தம்ளரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. "பாப்பா எவ்ளோ நாளா கத்துக்கிறா மேடம்?" என்று அவர் கேட்டார், சும்மா பேச்சுக்கு, அவளைப் பார்த்து. பாப்பா கத்துக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாப்பா கோயம்புத்தூரில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். "எட்டு மாசமா" என்றாள் சுகந்தி. குரல் இயல்பாக, பெருமைகூட லேசாகத் தொனிக்க, ஒரு அம்மாவின் குரலில் வந்தது. கருணாகரன் திரும்பி அவளை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வை அவள் மேல் வழவழவென்று ஒட்டியது. இதுவரை அவருடைய பொய்யாக இருந்தது இப்போது இவளுடையதும் ஆகிவிட்டது. கைப்பையில் கிருமிநாசினிப் பாட்டில் இருந்தது. எடுத்து இரண்டு கையிலும் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டாள். வாய்க்குள் பீய்ச்சிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். "எட்டு மாசம்னா நல்லா வாசிக்கும்" என்றார் தயாளன். "சுமாரா வாசிப்பா" என்றாள். ஐயோ, இன்னும் பேசுகிறாள். யாராவது நிறுத்தினால் தேவலை.

ஏன் சொன்னாள். பயம்தான், வேறென்ன. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடன் வாங்கி வந்த செல்லோவை வைத்துக்கொண்டு படுக்கையறையில் சாதகம் செய்துகொண்டிருந்தாள். கனடாவுக்குப் போன ஒரு பையனுடைய செல்லோ, அவன் அம்மா அடுத்த மாசம் திருப்பிக் கேட்டிருக்கிறாள். வீட்டில்தானே என்று நைட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே சுரத்தை நாற்பது தடவை இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு கொஞ்சம் திறந்திருந்திருக்கிறது. கருணாகரன் போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார், "எங்க வீட்டு வித்வான்" என்று எழுதி. அவர் பெருமையாகத்தான் போட்டார். அதை அவள் நம்பினாள், இன்றைக்கும் நம்புகிறாள். பெருமை சரியாகப் பதினோரு நிமிஷம் நின்றது. அவருடைய தங்கை வாசுகி பதில் போட்டாள், "இப்படி உக்காந்தா அண்ணி வாசிப்பாங்க? கருமம்." பின்னால் நாலு சிரிப்பு முகங்கள். கருணாகரன் படத்தை அழித்தார். அழிப்பதற்குள் முப்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அவளிடம் வந்து கோபப்படவில்லை, "கதவச் சாத்திக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டார். கேட்கும்போது அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை, நைட்டியில் இருந்தது. அந்த முகத்தில் இருந்ததை அவள் அறிவாள். முதல்முதலாக வேலைக்குச் சேருகிற பெண்கள் மல மாதிரி டப்பாவைத் திறக்கும்போது வருகிற முகம். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று அவர்களிடம் சொல்வாள். இவருக்குப் பழகவில்லை. அன்றிலிருந்து அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டுதான் வாசித்தாள். பத்து நாளில் தந்தியின் மேல் ஒரு துணியை வைத்து வாசித்தாள், சத்தம் வெளியே போகாதபடி. பிறகு வில்லைத் தூக்காமல் விரலை மட்டும் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு சமர்த்தாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறாள், யாரும் சொல்லாமலே.

"பாப்பாவுக்கு என்ன வயசு சார்?" என்று தயாளன் கருணாகரனிடம் கேட்டார். "பத்தொம்பது." "ஹைட்?" கருணாகரன் யோசித்தார். மகளின் உயரம் அவருக்குத் தெரியவில்லை. "இவங்க ஹைட்தான் இருப்பா" என்று சுகந்தியைக் கை காட்டினார். தயாளன் முகம் மலர்ந்தது. "அப்ப ஈஸி சார். இதுல முழு சைஸ் இருக்கு, முக்கா சைஸ் இருக்கு. உக்காந்து பாக்காம எடுத்தீங்கன்னா திரும்பத் தூக்கிட்டு வருவீங்க. மேடம் சும்மா உக்காந்து காட்டட்டும், அளவுக்கு." அளவுக்கு. துணிக்கடை வாசலில் தலையில்லாமல் நிற்கிற பொம்மைபோல. கருணாகரன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. "சீக்கிரம் உக்காந்துடும்மா" என்றார். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்தது. சுகந்தி உட்கார்ந்தாள். முழங்கால்கள் தானாகவே சேர்ந்துகொண்டன. தயாளன் செர்ரி செல்லோவைத் தூக்கி வந்து முன்னால் நிறுத்திவிட்டு, புடவையைப் பார்த்து, நாகரிகமாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "லேடீஸ் சைடா வச்சிக்கலாம் மேடம். ரெண்டு காலையும் ஒரு பக்கமா. பைக்ல பின்னாடி உக்கார்ற மாதிரி. நெறைய பேர் அப்படித்தான்." நெறைய பேர் யார் என்று கேட்கத் தோன்றியது. "அதான் நல்லாருக்கும்" என்றார் கருணாகரன் உடனே. அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை நாள் தேடிய தீர்வு இவ்வளவு எளிதா என்பதுபோல. அவள் இரண்டு காலையும் இடது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். இடுப்பு முறுக்கிக்கொண்டது. செல்லோ தோளில் இடித்துக்கொண்டு குடிகாரன் மாதிரி சாய்ந்தது. "பெர்ஃபெக்ட்" என்றார் தயாளன். கண்ணாடி அலமாரியில் தன்னுடைய பிம்பம் தெரிந்தது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கோணல் இடுப்பு, பக்கத்தில் பளபளவென்று ஒரு சாமான். கல்யாண நாள் போட்டோ இப்படித்தான் இருக்கும். வாசுகி கைதட்டுகிற படம் போட்டு, சூப்பர் அண்ணி என்று எழுதுவாள்.

தயாளன் வில்லைக் கொண்டுவந்து அவள் வலது கையைப் பிடித்தார். "இப்டிப் பிடிக்கணும் மேடம், பாப்பாவுக்குச் சொல்லிக் குடுங்க." தூசி துடைத்த அதே விரல் அவளுடைய கட்டை விரலை மடக்கி வில்லின் மேல் வைத்து அழுத்தியது. ஈரம் காய்ந்திருந்தது. ஆனாலும் அது அந்த விரல். அதைவிட, அவர் பிடிக்கச் சொன்னது தப்பு. முழுத் தப்பு. கட்டை விரல் உள்ளே வளைந்து நிற்க வேண்டும், கரண்டி பிடிப்பதுபோல நீட்டி வைக்கக் கூடாது. அந்தக் கட்டை விரல் வளைய நாலு மாசம் ஆனது. நாலு மாசம் காபித் தம்ளரைக்கூட அப்படி வளைத்துப் பிடித்துப் பழகி, ஒரு நாள் மாதிரி டப்பா மூடியைத் திறக்கும்போது தானாக வளைந்து நிற்பதைப் பார்த்து, உருப்பெருக்கிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். இப்போது ஒருவர் அதை நிமிர்த்தி, கரண்டியாக்கி, உங்கள் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்கிறார். குமட்டல் தொண்டைவரை வந்தது. வாந்தி வந்துவிடுமோ என்று பயந்தாள். வாந்தி எடுத்தால் கர்ப்பமா மேடம் என்றுகூடக் கேட்பார். "விடுங்க" என்றாள். "இல்ல மேடம், இந்த விரல்..." "கையை விடுங்கன்னேன்." தயாளன் விட்டார். கருணாகரன் பாய்ந்து வந்தார், "என்னம்மா, என்ன ஆச்சு." ஒன்றும் ஆகவில்லை. அவள் எழுந்தாள். செர்ரி செல்லோவைக் கணவர் கையில் கொடுத்தாள். சுவரோரம் போய், பொத்து என்று ஒதுக்கப்பட்ட பழுப்பை எடுத்து வந்து, அடியில் இருக்கும் கம்பியின் திருகைத் தளர்த்தி, தன் உயரத்துக்கு இழுத்து, இறுக்கினாள். அந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று அவள் தேடவில்லை. அதைத் தயாளன் கவனித்தார்.

பட்டுப்புடவை ஒத்துழைக்கவில்லை. கொசுவத்தைக் கொத்தாக அள்ளி நடுவில் தள்ளி, ஸ்டூலின் முனைக்கு நகர்ந்து, முழங்கால்களைப் பிரித்தாள். இன்னும் கொஞ்சம், ஆன்ட்டி. பிரித்தாள். புடவை சரசரவென்றது. "சுகந்தி" என்றார் கருணாகரன், அடிக்குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் குரலில் அத்தையும் வாசுகியும் சொன்ன அந்த வார்த்தை இருந்தது, சொல்லவில்லை, ஆனால் இருந்தது. தடித்த தந்தியில் வில்லை வைத்தாள். தந்தியைச் சுருதி கூட்டாமல் வைத்திருந்தார்கள், கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. இருக்கட்டும். இழுத்தாள். வந்த சத்தம் அழகாக இல்லை. எட்டு மாசக்காரியின் சத்தம், ஓரத்தில் கரகரப்பு, நடுவில் ஒரு நடுக்கம். ஆனால் அது முழங்காலுக்கு வந்தது, அங்கிருந்து மேலே வந்தது, பக்கத்துத் தட்டில் தொங்கிய கிடார்களில் ஏதோ ஒன்று பதிலுக்கு முனகியது. டீ தம்ளரில் ஏடு நடுங்கியது. விரலை ஏற்றினாள். ஒவ்வொரு சுரமாக, மெதுவாக, அவசரமில்லாமல். கடிகாரம் தெரிந்தது, பார்க்கவில்லை. மேலே போகப் போக, ஒரு இடத்தில், விரல் வைத்ததும் மரம் முழுக்க உதறியது. உர்ர் என்றது. நாய் எலும்பை விடாததுபோல. "பாத்தியா, பொத்துன்னு அப்பவே சொன்னேன்" என்றார் கருணாகரன். அவள் அதே இடத்தில் மறுபடி இழுத்தாள். உர்ர். முழங்காலால் மரத்தை இரு பக்கமும் அழுத்திப் பிடித்தாள், ரெனிட்டா மிஸ் கிளாஸில் காட்டியதுபோல. அழுத்தியதும் உறுமல் அடங்கி, அடியிலிருந்து முழுச் சுரம் எழுந்து வந்தது. விட்டால் உறுமியது. பிடித்தால் பாடியது. சேர்த்து வைத்த காலால் இதைச் செய்ய முடியாது. பக்கவாட்டில் உட்கார்ந்தும் முடியாது.

வில்லை எடுத்தாள். தயாளன் அவளையும் கருணாகரனையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரி, முப்பது வருஷமாக ஆட்களைப் பார்க்கிறவர். அவருக்குக் குறும்பு எட்டிப் பார்த்தது, அல்லது நிஜமாகவே குழம்பிவிட்டார், எதுவென்று சொல்ல முடியாது. "சார், பாப்பாவுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?" கருணாகரன் செர்ரி செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மோதிர விரல் பழக்கத்தில் மரத்தை ஒரு தடவை தட்டியது.

"நாப்பத்தேழு" என்றாள் சுகந்தி. "வர்ற தை வந்தா நாப்பத்தெட்டு. இதைக் கட்டுங்க."

கட்டிக் கொண்டுவருவதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. "ராகு காலம் பொறந்துடுச்சு, நாளைக்கு வந்து எடுத்துக்கலாமே" என்று கருணாகரன் படியில் இறங்கும்போது இரண்டு தடவை சொன்னார். பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். சுவரெல்லாம் வெற்றிலைத் துப்பல், கீழே மூத்திர நாற்றம். எதுவும் மாறிவிடவில்லை. தெருவில் வெயில் அடித்தது. அவர் கார் பக்கத்தில் நின்று சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். முகம் தொங்கியிருந்தது. "வாசுகி வந்தா என்னத்தச் சொல்றது?" என்றார், நிஜமாகவே தெரியாதவர்போல. "டிக்கியில போகாதுங்க. முன் கதவைத் திறங்க" என்றாள். சீட்டைப் பின்னால் தள்ளி செல்லோவை முன்னால் சாய்த்து வைத்துவிட்டு அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள், பரிசோதனைக் கூடத்துப் பழக்கம். தந்தியின் இரும்பு வாடை, வில்லில் தேய்த்த பிசின், வியர்வை, அந்த ஆளுடைய எச்சிலும் எங்கேயோ இருக்கும். பாட்டில் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. கருணாகரன் வண்டியைக் கிளப்பினார். டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. முன் சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று வண்டி நினைத்துக்கொண்டது. தெருமுனைவரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். டிங் டிங் டிங். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே எட்டி, செல்லோவின் அந்தப் பெரிய வயிற்றைக் குறுக்கே அணைத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.